மூட்டுவலி என்று சொல்லிவைத்தேன்

தாராவியில் இருக்கிற எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசணும். அந்த ஏழு பேரும் முதல் பாட்டிலிருந்து கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் மேடையில் வரிசையாக உட்கார்ந்தே இருக்கணும். நடுவில் எழுந்தால் என்ன ஆகும்னு கேட்காதீங்க. சில வருஷங்களுக்கு முன்னால் மூன்றாம் வார்த்தை பேச வேண்டிய பெரியவர் ஒருத்தர், இரண்டாம் வார்த்தை நடக்கும்போது எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். அவர் மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அந்தப் பேச்சு வந்துவிட்டது.

இந்த ஏழு பேரில் ஆறு பேர் ஆண்கள். எங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் சம்சாரம் ஐயரம்மா, பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. ஏழில் ஒன்று எப்போதும் ஐயரம்மாவுக்கு. இருபது வருஷமாகப் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் உட்கார்ந்து, மேடையில் பேசுகிற ஒவ்வொருத்தரையும் மனசுக்குள் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தவள் நான். எனக்கு ஒரு தடவை மைக் கிடைத்தால் போதும், இவங்களுக்கெல்லாம் பேச்சுன்னா என்னன்னு காட்டிவிடுவேன் என்கிற கொழுப்பு எனக்கு உண்டு. அதனால் ஜனவரியில் ஐக்கியக் கூட்டம் முடிந்ததும் ஐயரம்மா என் தோளில் கை வைத்து, "இந்த வருசம் அஞ்சாம் வார்த்தை நீ பேசுட்டி"ன்னு சொன்னபோது, எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கணும் போல இருந்தது.

குதிக்கவில்லை. குதித்தால் கழிப்பறைக்கு ஓடவேண்டி வந்திருக்கும்.

எனக்கு ஆறு வருஷமாகச் சிறுநீர்ப்பையில் வலி. பை நிறைய நிறைய எரியும், மிளகாய் அரைத்த கையை அடிவயிற்றில் வைத்து அழுத்தின மாதிரி. போய்விட்டு வந்தால் பத்து நிமிஷம் சுகம், அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். நாற்பது நிமிஷத்துக்கு மேல் எந்த நாற்காலியிலும் என்னால் உட்கார முடியாது. எத்தனை தடவை யூரின் டெஸ்ட் எடுத்தாலும் கிருமி இல்லைன்னுதான் வரும். கிருமி இல்லைன்னு எழுதிவிட்டு அதே கையோடு கிருமிக்கு மருந்து எழுதிக் கொடுப்பார்கள். ஒரு டாக்டர் டென்ஷன் என்றார். இன்னொருத்தர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வயசாகுதில்ல"ன்னார். என் வீட்டுக்காரர் தனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமா சார், சுகர்கூட இருக்கு"ன்னு பதில் சொன்னார்.

இந்தச் சவத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் மேடையில் உட்காரணும். அதுவும் ஐந்தாம் வார்த்தை எதைப் பற்றின்னு தெரியுமா? தாகத்தைப் பற்றி. வாயைத் திறந்து தண்ணி குடிக்கவே பயப்படுகிற எனக்கு வந்து வாய்த்த தலைப்பைப் பாருங்க.

வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த அழைப்பு எப்போ வரும்? எனக்கு இப்பவே நாற்பத்தெட்டு. மறுநாளே கடைசியாக ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன். அவள் என் கேஸ் பேப்பர் கட்டைப் புரட்டி முடித்துவிட்டு, மருந்தே எழுதாமல், செம்பூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தாள். மூத்திரப்பைக்கு எதுக்கு பிசியோதெரபி? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஐக்கியத்து அக்கா ஒருத்தி ரோட்டைக் கடந்து வந்துவிட்டாள். "ஏளா, உடம்புக்கு என்ன?"ன்னாள். என் வாய் என்னைக் கேட்காமலேயே, "மூட்டுவலிக்கா"ன்னு சொல்லிவிட்டது. அவ்வளவுதான். ராத்திரிக்குள் ஐக்கியத்து வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பு வந்தாச்சு, சகோதரியின் வலது கால் மூட்டுக்காக என்று. வலதுன்னு நான் சொல்லவே இல்லை. மறுநாளிலிருந்து நான் வலது காலை ஒரு இழுப்பு இழுத்து நடக்க வேண்டியதாயிற்று. பிரண்டைத் துவையல் வந்தது. ஏதோ ஊர் வைத்தியரின் எண்ணெய் வந்தது. மூட்டில் மாட்டுகிற உறை இரண்டு ஜோடி வந்தது. கொண்டுவந்தவர்களின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே வெட்கமாக இருந்தது, ஆனாலும் துவையலை விடவில்லை.

பிசியோ ஒரு மராத்திப் பொண்ணு. இருபத்தாறு வயசு இருந்தால் அதிகம். பேச்செல்லாம் ஹிந்தியில். என்னை உட்காரவைத்து, இந்த வலிக்கு நானாக என்னென்ன செய்து பார்த்தேன்னு கேட்டாள். நான் பெருமையாகச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருந்தது, பெண்கள் அடியை இறுக்கி இறுக்கி விட்டால் எல்லா வியாதியும் ஓடிப்போகும் என்று. வேலைக்குச் செம்பூரிலிருந்து வாஷி போகிற ஹார்பர் லைன் ரயிலில், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, தினமும் இருநூறு தடவை இறுக்குகிறேன் என்றேன். திரும்பி வரும்போது இன்னொரு இருநூறு.

அந்தப் பொண்ணு நெற்றியில் கையை வைத்துக்கொண்டது.

"ஆன்ட்டி, அது தசை தளர்ந்து போனவங்களுக்கு. உங்களுக்கு வேற"ன்னாள். இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். மூத்திரப்பையை அதுதான் தாங்குகிறது. அது வருஷக்கணக்காக இறுகியே கிடந்தால் பையும் சேர்ந்து வலிக்குமாம், ஒன்றை ஒன்று தூண்டிவிட்டுக்கொண்டே இருக்குமாம். ஏற்கெனவே இறுகினதை நான் ஒரு நாளைக்கு நானூறு தடவை இன்னும் இறுக்கியிருக்கிறேன். வீடியோ அனுப்பினவளை நினைத்துப் பல்லைக் கடித்தேன். உடனே அந்தப் பொண்ணு, "இப்பவும் இறுக்குறீங்க"ன்னாள்.

சோதனை எப்படின்னு விவரமாகச் சொல்லி, சம்மதமான்னு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கையுறை மாட்டினாள். உள்ளே ஒற்றை விரலால் அந்தத் தசையைத் தேடிப்போய் ஒரு இடத்தில் லேசாக வைத்தாள், அழுத்தக்கூட இல்லை. ஆறு வருஷத்து வலியும் அந்த ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தது. என் வாயிலிருந்து, "நாசமாப் போவ!"ன்னு வந்துவிட்டது. "க்யா போலா ஆன்ட்டி, என்ன சொன்னீங்க?"ன்னாள். வலியிலும் எனக்குச் சிரிப்பு. "எங்க பாஷையில் கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்றது"ன்னேன். பாவம், நம்பிவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து நான் மூச்சைப் பிடிக்கும்போதெல்லாம் அவளே அன்பாக, "சோட் தோ ஆன்ட்டி, விடுங்க, நாசமாப் போவ, நாசமாப் போவ"ன்னு எனக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்தாள். நான் திருத்தவே இல்லை.

எப்போதிருந்து அடக்குகிறீங்கன்னு ஒரு நாள் கேட்டாள். ஆபீஸில் சேர்ந்ததிலிருந்துன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம் யோசித்தால் ஆபீஸுக்கு முன்னாலேயே ரயில், ரயிலுக்கு முன்னால் பள்ளிக்கூடம், அதுக்கும் முன்னால் தாராவியில் நான் வளர்ந்த சந்து. நாற்பது வீட்டுக்கு ஒரு பொதுக் கழிப்பறை, கையில் டப்பாவோடு வரிசை. வெளியே புறப்பட்டால் அம்மா தண்ணிச் செம்பைக் கையிலிருந்து பிடுங்கிவிடுவாள். தண்ணி குடிக்காதே, வந்தால் அடக்கு, இதுதான் எங்க எல்லாருக்கும் சட்டம். இப்போ செம்பூர் வீட்டில் இரண்டு கழிப்பறை இருக்கு. ஆனாலும் காலை ஏழு மணிக்கு மேல் சாயங்காலம் வரைக்கும் நான் ஒரு மிடறு குடிக்கிறதில்லை. இதை அந்தப் பொண்ணிடம் சொல்லிக்கொண்டு வரும்போதே அழுதுவிட்டேன். எதுக்கு அழுகிறேன்னு எனக்கே புரியவில்லை. அவள் டிஷ்யூ டப்பாவை நகர்த்திவிட்டு, வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தாள்.

மணிக்கொரு தடவை கொஞ்சம் தண்ணி. எப்போ போனேன், எவ்வளவு போனேன்னு நோட்டில் எழுதணும். வந்தவுடன் ஓடக்கூடாது, மூச்சை வயிற்றுக்கு விட்டுத் தசையைத் தளர்த்தி ஐந்து நிமிஷம் தள்ளிப்போடணும், அப்புறம் பத்து நிமிஷம். முக்கியமாக, எதுக்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுவோம் என்கிற புத்தியை விடணும். அளக்கிறதுக்கு வாங்கி வைத்த பிளாஸ்டிக் குவளையை என் வீட்டுக்காரர் ரசத்துக்கு எடுக்கப் போனார். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஆள் எட்டிப் பார்த்தார்.

என் வீட்டுக்காரருக்கு டிராம்பேயில் வேலை, எந்திரங்களோடு பேசிப் பழகினவர். வயிற்றைத் தளர விட்டு மூச்சு விடணும்னு சொன்னால், "இதுக்கு ஒரு டாக்டராட்டி? நான் முப்பது வருசமா தளரத்தான விட்டிருக்கேன்"ன்னு தொந்தியைத் தடவிக் காட்டுவார். ஒரு பயிற்சிக்கு மல்லாந்து படுத்து, இரண்டு பாதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தை மாதிரி கிடக்கணும். ஒரு நாள் அப்படிக் கிடக்கும்போது டீயோடு உள்ளே வந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அமைதியாக, "பால் பாட்டில்ல கொண்டாரட்டா?"ன்னார்.

ஆனால் கேட்டுக்கோங்க, வலி குறைந்தது. ஒரேயடியாக இல்லை, இரண்டு நாள் நல்லாயிருந்தால் ஒரு நாள் திரும்பி வரும். நாற்பது நிமிஷம் ஒரு மணி நேரமாச்சு. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து தொடங்கும்போது ஒன்றரை. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் இரண்டு மணி பத்து நிமிஷம். என் கணக்குப்படி ஐந்தாம் வார்த்தை ஒன்றே முக்காலுக்கு வரும். பேசி முடித்தவுடன் பாட்டு. அந்தப் பாட்டில் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிப் போய்விட்டு வந்துவிடலாம். காலை நீட்டணும், மூட்டுவலி இல்லையா, அதனால் ஓரத்து நாற்காலி வேணும்னு ஐயரம்மாவிடம் சொல்லி வைத்தேன். பொய்க்கு ஒரு உபயோகம் கிடைத்ததில் எனக்கு ஏகத் திருப்தி.

பெரிய வெள்ளி அன்றைக்கு முக்கால்வாசிப் பேர் மூன்று மணி வரைக்கும் உபவாசம், பச்சைத் தண்ணி கிடையாது. நான் அடுக்களையில் நின்று மணிக்கொரு தடவை குடித்தேன். வாசலில் நின்ற வீட்டுக்காரர் காதில் விழாதபடி மெதுவாக விழுங்கினேன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போய் இறங்கினோம்.

மேடையைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. இரண்டு காலும்.

நட்ட நடுவில், சிலுவைக்கு நேர் கீழே, ஐயர் வீட்டு மெத்தை நாற்காலி. அதுக்கு முன்னால் கால் நீட்ட ஒரு முக்காலி, மேலே தலையணை வேறு. "ஓரத்துல என்னத்துக்குக் கஷ்டப்படணும்? உன் மூட்டுக்காக வீட்டுலருந்து தூக்கிட்டு வரச் சொன்னேன்ட்டி"ன்னாள் ஐயரம்மா. பக்கவாட்டுக் கதவை ஸ்பீக்கர் பெட்டியும் பாடகர் குழுவின் கீபோர்டும் அடைத்துக்கொண்டு நின்றன. வெளியே போக ஒரே வழி, சபையின் நடுவில் நீளமாகக் கிடக்கும் பாதைதான். இன்னொரு வில்லங்கமும் இருந்தது. சபைக் கோயிலுக்குப் பின்னால் ஆண்கள் கழிப்பறை திறந்தே கிடக்கும். பெண்களுடையது பூட்டியிருக்கும், வெளியாட்கள் வந்துவிடுகிறார்களாம். சாவி பொருளாளரிடம். அவர்தான் ஆறாம் வார்த்தை பேசுகிறவர். முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்னு போனேன். பத்து ஆண்கள் சூழ நின்றுகொண்டிருந்தார், கேட்காமலே திரும்பிவிட்டேன். அறுநூறு பேர் பார்க்க, ஒன்றுமில்லாத வலது காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வார்த்தை போச்சு, இரண்டாவதும் போச்சு. மூன்றாவதில் எரிச்சல் தொடங்கியது. மூச்சை வயிற்றுக்கு விட்டேன், தொட்டிலை இறக்கினேன், வலி கொஞ்சம் பின்வாங்கியது. நான்காம் வார்த்தைக்காரர் இருபது நிமிஷம் பேச வேண்டியவர். நாற்பதைத் தாண்டினார். முடிக்கிறேன் முடிக்கிறேன்னு மூன்று தடவை சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது, பக்தி என்று நினைத்திருப்பார்கள். இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் இந்த மனுஷன் வாயால் கெட்டதேன்னு கோபம். எழுந்து போனால் காலத்துக்கும் என் பேரைச் சொல்லிச் சிரிப்பார்களேன்னு பயம்.

யாரையாவது பார்த்து மனசை மாற்றுவோம்னு பெண்கள் பக்கம் பார்த்தேன். இருபது வருஷமாக அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், முன்னாலிருந்து பார்த்ததே இல்லை. முதல் வரிசையில் ஐயரம்மா கணுக்காலைப் பின்னிக்கொண்டு, தொடையை இறுக்கிக்கொண்டு, முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் அப்படித்தான். அதுக்குப் பின்னாலும். ஒரு பொம்பளை தோளைத் தூக்கி மூச்சைப் பிடித்திருந்தாள், இன்னொருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வாரமாகக் கிளினிக்கில் நான் என்ன படித்தேனோ, அது அவ்வளவும் வரிசை வரிசையாக என் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் பக்கம் பார்த்தேன். காலை அகட்டிப் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடிக்கடி ஒருத்தர் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

என் முறை வந்தது. மைக் முன்னால் நின்றேன். கையில் நாலு பக்கத்துக்கு, தாகத்தைப் பற்றி, அவ்வளவு அழகாக எழுதி வைத்திருந்தேன். இரண்டு வரி வாசித்தேன். மூன்றாவது வரி வரவில்லை. காகிதத்தை மடித்தேன்.

"இன்னைக்குக் காலையிலிருந்து தண்ணி குடிச்ச பெண்கள் கையைத் தூக்குங்க"ன்னேன். ஒரு கையும் இல்லை. உபவாசம், உபவாசம் என்று முணுமுணுப்பு. "சரி. போன ஞாயிற்றுக்கிழமை உபவாசம் இல்லையே. அன்னைக்குக் கோயிலுக்கு வர்றதுக்கு முன்னால குடிச்சவங்க?" அப்பவும் கை இல்லை. எங்கேயோ ஒரு சிரிப்பு. அது அப்படியே பரவியது, பெண்கள் பக்கம் மட்டும்.

"எனக்கு மூட்டில் ஒண்ணும் இல்ல"ன்னேன். "பதினோரு வாரமா நீங்க நல்ல காலுக்காக ஜெபம் பண்ணியிருக்கீங்க, மன்னிச்சுக்கோங்க. எனக்கு வலி மூத்திரப்பையில. ஆறு வருசமா. சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். இப்போ எனக்குப் போகணும். பெண்கள் கழிப்பறை பூட்டியிருக்கு. சாவி பொருளாளர் ஐயாகிட்ட இருக்கு. ஐயா, சாவி."

அந்த மனுஷன் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஜிப்பாவின் இடது பையைத் தடவினார், வலது பையைத் தடவினார். ஐயர்தான் அவர் பக்கம் கையை நீட்டி, "குடுங்கய்யா, வெரசா"ன்னார். சாவி கை மாறி என்னிடம் வந்தது. "பாடகர் குழு ஒரு பாட்டுப் பாடட்டும். மிச்சத்தை வந்து பேசுதேன்"ன்னு சொல்லிவிட்டு இறங்கினேன்.

அறுநூறு பேருக்கு நடுவில், வெள்ளைச் சேலையில், கையில் சாவியோடு அந்தப் பாதை முழுக்க நடந்தேன். காலை இழுக்கவில்லை. ஆண்கள் பக்கம் ஓரத்தில் என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார்னு எனக்குத் தெரியும்.

பூட்டைத் திறந்து உள்ளே போனேன். அவசரப்படவில்லை, அந்தப் பொண்ணு சொல்லிக்கொடுத்த மாதிரி மூச்சை இறக்கி விட்டேன். கோயிலுக்குள் பாட்டு கேட்டது. இரண்டாவது சரணத்தில் அது எனக்கு ஒரு மாதிரியாகக் கேட்டது. மேல் குரல்கள் மெலிந்துகொண்டே வந்தன, நின்றே போயின. நடுக்குரல் கொஞ்ச நேரம் தனியாக நின்றது, அதுவும் போயிற்று. மூன்றாவது சரணத்தில் ஆண்கள் குரல் மட்டும், கீழே, ராகம் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். வரிசை. படிக்கட்டைத் தாண்டி, சுவரைச் சுற்றி, கேட் வரைக்கும் நின்றது. பாடகர் குழுப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். முதல் ஆளாக ஐயரம்மா. என் கையைப் பிடித்து ஒரு இறுக்கு இறுக்கிவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் திரும்பி மேடைக்குப் போனபோது பெண்கள் பக்கம் பாதிக்கு மேல் காலி. ஆறாம் வார்த்தைக்கு நேரமாச்சுன்னு பொருளாளர் எழுந்தார். "உட்காருங்க ஐயா, அஞ்சாவது முடியல. எல்லாரும் வந்த பிறகுதான்"ன்னு மைக்கிலேயே சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். காத்திருந்தோம். எனக்கு வலி இருந்ததான்னு கேட்டால், கொஞ்சம் இருந்தது. ஆனால் எழுந்து போகலாம்னு தெரிந்த பிறகு அந்த வலிக்கு என் மேல் பழைய அதிகாரம் இல்லை. ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்தார்கள், காலைப் பின்னாமல். யாரோ ஒருத்தி பையிலிருந்து பாட்டிலை எடுத்து, உபவாசத்தை மறந்து மடமடன்னு குடித்தாள். கடைசியாக, வரிசை முடியும்வரை வாசலிலேயே நின்று எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டு, ஐயரம்மா வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ம், பேசுன்னு தலையை ஆட்டினாள்.